பச்சைப் பனியில் தாழம்பூ

அந்துருண்டை வாசனை எனக்கு ஆகாது. தும்மல் பிடித்தால் நிற்காது. போன வாரம் அப்பாண்டை அண்ணன் கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் பிரித்ததிலிருந்து வீடு முழுக்க அந்த வாசனைதான். சன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை. பழைய வேட்டித் துண்டில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தார். உள்ளே இரண்டு கஜம் பட்டு. வாடாமல்லி நிறம். கரை இல்லை, முந்தி இல்லை, ஜரிகை ஒரு இழைகூட இல்லை. ஆரணியில் இப்படி ஒரு துணியை நெய்யச் சொன்னால் சிரிப்பார்கள்.

"இத்த அதுங்கிட்ட சேத்துடும்மா," என்றார்.

"எதுங்கிட்டண்ணே?"

"இன்னாம்மா, மறந்துட்டியா? தாழம்பூ."

மறக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கேட்டதும் ஒரு தும்மல்தான் வந்தது.

உங்களுக்கு விளக்கமாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது என்ன கூத்து என்று நினைப்பீர்கள். தாழம்பூ என்பது ஒரு பெண். பனித்தரையில் காலில் கத்தி கட்டிக்கொண்டு ஆடிய வெளிநாட்டுப் பெண். எந்த நாடு என்று தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயரும் தெரியாது. ஆரணி கொசப்பாளையத்தில் மூன்று பேர் அவளுக்கு ரசிகர்களாக இருந்தோம் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. மூவரில் எஸ்தர் டீச்சர் இறந்துவிட்டார். அப்பாண்டை அண்ணன் எழுபதைத் தாண்டிவிட்டார். தெள்ளார்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். இங்கே சாயப் பட்டறையில் காலத்தைக் கழித்தவர். இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் மகனோடு போய் இருக்கப்போகிறார். இனி இந்த ஊருக்குத் திரும்பமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போவதற்குள் இந்தத் துணி அவளுக்குப் போய்ச் சேர ஒரு வழி பிறக்கவேண்டும், குறைந்தபட்சம் அவள் பெயராவது தெரியவேண்டும் என்பது அவர் ஆசை. மூன்றாவது ஆள் நான்.

அப்போது நான் ஒரு பட்டுநூல் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சாயம் போட்ட நூலைக் கொண்டுவந்து போடுகிறவர் அப்பாண்டை அண்ணன். மணிக்கட்டு வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறத்தில் இருப்பார். என் தெருக்கோடியில் எஸ்தர் டீச்சர் தன் அம்மாவோடு இருந்தார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவர். பட்டாளத்தில் இருந்த தம்பி அவருக்கு ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. வாங்கிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, ஆட்டுக்கறிக் குழம்பு முடிந்து, பிற்பகலில் டில்லியிலிருந்து விளையாட்டு நிகழ்ச்சி வரும். அதில் குளிர்காலத்தில் எப்போதாவது இந்த ஐஸ் டான்ஸைக் காட்டுவார்கள். நாங்கள் அப்படித்தான் சொன்னோம். அதற்குச் சரியான பெயர் வேறு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்பாண்டை அண்ணன் கதவோரமாக உட்காருவார். கறிக்குழம்பு வாசனை அவருக்கு ஆகாது. மேல்துண்டால் மூக்கை மூடியபடியே டி.வி. பார்ப்பார். டீச்சர் விடமாட்டார்.

"ஏம்ப்பா, புழுவ வேகவெச்சு எடுத்த நூலுக்கு நாள் பூரா சாயம் போடற. என் வூட்டு ஆட்டுக்கு மட்டும் மூக்கப் பொத்திக்கினு உக்கார்ற."

"நூலு என் கைக்கு வரும்போது நூலுதான் டீச்சர். ஆடு உங்க சட்டியில இன்னும் ஆடாதான் கீது."

இதே பேச்சு ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் நடக்கும். நானும் டீச்சரின் அம்மாவும் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகச் சிரிப்போம்.

அந்த டி.வி.யைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கலராக்குகிறோம் என்று ஒரு கண்ணாடித்தாள் அந்த நாளில் கடைகளில் விற்றது. உங்களில் சிலர் வீட்டிலும் இருந்திருக்கும். மேலே நீலம், நடுவில் காவி, கீழே பச்சை. திரையின் மேல் அதை மாட்டினால் வானம் நீலமாகவும் மனிதர் முகம் மாநிறமாகவும் புல் பச்சையாகவும் தெரியும் என்பது கணக்கு. செய்தி வாசிக்கிறவர் நெற்றி நீலமாக, மார்பு பச்சையாக வந்து உட்காருவார். யாரும் குறை சொன்னதில்லை.

அதனால் எங்களுக்குப் பனி பச்சை நிறம். நடவு முடிந்த வயல் போல நல்ல பச்சை. அதன் மேல்தான் அவர்கள் எல்லோரும் வழுக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி எம்பிக் குதித்தால் அவள் பாதம் பச்சையிலிருந்து காவிக்கு ஏறும். எவ்வளவு உயரம் போனாள் என்பதற்கு அதுதான் எங்கள் அளவுகோல். "காவிக்குப் போய்ட்டா!" என்று டீச்சர் கத்துவார். காவிக்குப் போகாதவளை நாங்கள் மதிப்பதில்லை. கேமரா கிட்டே வந்தால் எல்லோரும் காவிக்குப் போவார்கள், தள்ளி நின்றால் யாரும் போகமாட்டார்கள் என்ற எளிய விஷயம் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. நான் கணக்கெழுதுகிறவள் என்பதை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன்.

பெயர் ஏன் தெரியாது என்று கேட்பீர்கள். ஆடுகிறவர் பெயரும் நாடும் திரையின் அடியில் எழுத்தாக வரும். டீச்சர் பெட்டியில் ஏதோ கோளாறு, படத்தின் அடிப்பாகம் மடங்கிப் போயிருந்தது. எழுத்தின் தலை மட்டும் பச்சைக்குள் முளைத்த நாற்றுமுனை போலத் தெரியும். பேசுகிறவர் குரலோடு இரைச்சல் கலந்து வரும். ஆகவே பெயர்களை நாங்களே வைத்தோம். ஓர் ஆண், எப்போதும் விழுவார். விழுந்து எழுந்து மறுபடி விழுவார். அவர் பேஜார். இன்னொருவர் பாட்டுக்கு முந்திக்கொண்டு ஓடுவார். அவர் ஜல்தி. ஜோடியாக ஆடிய ஓர் ஆணும் பெண்ணும் மாப்பிள்ளை, பொண்ணு. அடுத்த குளிர்காலத்தில் பொண்ணு வேறு ஆளோடு வந்தபோது அப்பாண்டை அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை.

"இன்னா டீச்சர், ஆள மாத்திக்கிச்சு?"

"அது ஆட்டத்துக்கு ஜோடிப்பா. சம்சாரம் இல்ல."

"அந்த ஆளு இப்ப எங்க இருப்பாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? அவரும் வேற யாரையாவது தூக்கிகினு இருப்பாரு."

தாழம்பூவுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் பாவாடையின் ஓரத்தால். சின்னப் பாவாடை. அதன் விளிம்பில் பல்பல்லாக ஒரு கரை, எங்கள் ஊர்ப் புடவையில் தாழம்பூ ரேக்கு போடுவார்களே, அதுபோல. அவள் ஆட்டத்தையும் நாங்கள் புடவையாகத்தான் பார்த்தோம். நடுவில் வருவது உடல், ஓரமாகச் சுற்றி வருவது கரை, கடைசியில் நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றி நிற்பது முந்தி. "உடலு நல்லாதான் கீது, முந்தி எடுக்கல," என்று அப்பாண்டை அண்ணன் சொன்னால் எங்களுக்குப் புரியும். உலகத்தில் வேறு யாருக்காவது புரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

மார்க் விஷயத்தில்தான் நாங்கள் செய்த தவறு. ஆட்டம் முடிந்ததும் எண்கள் திரையின் நடுவில் இரண்டு வரிசையாக வரும். முதல் வரிசை, ஆடியதற்கு. இரண்டாவது வரிசை எதற்கு? பேசுகிறவர் வாயிலிருந்து ஏதோ இங்கிலீஷ் வார்த்தை இரைச்சலில் நனைந்து விழும்.

"இதுல இன்னா சந்தேகம்? ரெண்டாவது துணிக்கு," என்றார் அப்பாண்டை அண்ணன்.

எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பட்டு நெய்கிற ஊரில் நிறத்துக்கு மார்க் போடாமல் ஒரு போட்டி எப்படி நடக்கும்? டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு நியாயம் அதுதான். ஜல்திக்கு இரண்டாம் வரிசை குறைந்தால் சட்டை சரியில்லை. பேஜாருக்குக் குறைந்தால் சட்டை கசங்கிவிட்டது. விழுந்தால் கசங்காதா?

அப்பாண்டை அண்ணனிடம் இன்னொரு வழக்கம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடவேண்டும். விளக்கு வைத்தபின் அவர்கள் குடும்பத்தில் சாப்பிடமாட்டார்கள். நிகழ்ச்சி நீண்டு வெயில் மஞ்சளாகும்போது பாதியில் எழுந்து செருப்பைத் தேடுவார். யார் ஜெயித்தார்கள் என்று திங்கட்கிழமை கடைக்கு வந்து என்னிடம் கேட்பார். ஒரே ஒரு நாள்தான் அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று தாழம்பூ எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். வெளியே வெயில் போய்க்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். பாட்டு தொடங்கியதும் ஒரு சுற்று சுற்றி, முதல் குதிப்பிலேயே காவிக்குப் போனாள். போனவள் பச்சையில் வந்து விழுந்தாள். உட்கார்ந்த வாக்கில் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போனாள். டீச்சர் "ஆண்டவரே" என்றார். அவள் எழுந்தாள். எழுந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துணி துவைத்துவிட்டு எழுகிற பெண் துடைப்பாளே, அப்படி. நான் மறக்காதது அதுதான். அப்புறம் விழாதவள் போல ஆடினாள். சும்மா சொல்லவில்லை, அதுபோல ஓர் ஆட்டத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. முந்தி எடுத்து நின்றபோது டீச்சரின் அம்மாவே கைதட்டினார். அவருக்குப் பாதிப் பார்வைதான்.

எண்கள் வந்தன. முதல் வரிசை குறைவு. விழுந்தாளே, சரி. இரண்டாம் வரிசை அதைவிடக் குறைவு.

"துணிக்குக் கொறச்சிட்டானுங்க," என்று அப்பாண்டை அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "நான்தான் சொல்லிகினே இருந்தேன். சாயம் போன மாரி ஒரு துணி. யாரு குடுத்தான் அத்த? இப்படி ஆடற பொண்ணுக்கு இந்தத் துணியா?"

டீச்சர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா அப்பாண்டை, துணிதான்," என்றார்.

அதற்குள் தெருவிளக்கு எரிந்துவிட்டது. அப்பாண்டை அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

சில வாரங்கள் கழித்து இந்தத் துணியைக் கொண்டுவந்தார். பட்டறையில் மிஞ்சிய சாயத்தில் தானே நூல் தோய்த்து, யாரோ நெசவாளியிடம் தறியில் பாவு நூல் முடிகிற இடத்தில் கொஞ்சம் நெய்து வாங்கியிருந்தார். கரையும் முந்தியும் வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். "தைக்கறவங்க வெட்டணும் இல்ல?"

"ஏன் இந்தக் கலர்ணே?" என்று கேட்டேன்.

"வெள்ளை மேல நிக்கற கலரு இதான்."

எனக்குச் சுரீரென்றது. அந்தப் பச்சைத் தரையைப் பார்த்துப் பார்த்து நான் பனி வெள்ளை என்பதையே மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை.

விலாசம் கேட்டு டீச்சர் டில்லிக்கு எழுதினார். பதில் இல்லை. விலாசம் கேட்ட ஆளின் பெயரே இல்லாதபோது டில்லி என்ன செய்யும்? அடுத்த குளிர்காலமும் அதற்கடுத்ததும் காத்திருந்தோம். தாழம்பூ வரவில்லை. கல்யாணம் ஆகியிருக்கும் என்றார் டீச்சர். நல்ல துணி கிடைத்திருக்காது என்றார் அப்பாண்டை அண்ணன். பட்டு அவர் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

பிறகு டீச்சரின் தம்பி ஓய்வு பெற்று வந்து உண்மையான கலர் டி.வி. வாங்கி வைத்தார். முதல் குளிர்காலத்தில் ஆவலாக உட்கார்ந்தோம். பனி வெள்ளையாக இருந்தது. கண் கூசியது. அடியில் பெயர்கள் சுத்தமாக, முழுசாக வந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர் இருக்கிற ஆட்களைப் பற்றி எங்களுக்குப் பேச அதிகமில்லை. யார் எவ்வளவு உயரம் போனார்கள் என்றும் சொல்லமுடியவில்லை. அப்பாண்டை அண்ணன் அன்று சீக்கிரமே செருப்பைத் தேடினார். பிறகு வருவது குறைந்தது. பிறகு கேபிள் வந்தது, சீரியல் வந்தது. டீச்சருக்கு மூட்டுவலி வந்தது.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். ஒரு நாளும் விட்டதில்லை. மழை, வெயில், போளூர் பஸ் வந்தது, வராதது எல்லாம் இருக்கும். தாழம்பூ விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது தேடி எடுத்துப் பார்த்தேன். "டீச்சர் வீட்டில் டி.வி." என்று எழுதி, அடுத்த வரியில் சோப்பு தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன்.

ஆகவே போனில் தேடினேன். இந்த வயதில் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி நான்கைந்து நாள். கடைசியில் ஒரு பக்கம் அகப்பட்டது. உலகம் முழுவதிலுமிருந்து பழைய ஐஸ் ஆட்டக்காரர்களின் ரசிகர்கள் கூடிப் பேசுகிற இடம். எப்போதோ நடந்த ஆட்டத்துக்கு இன்னும் சண்டை போடுகிறார்கள். இன்னாருக்கு அன்று அநியாயம் நடந்தது, இன்னார் முழங்கால் போகாமல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார், இன்னார் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம், தலை நரைத்துவிட்டதாம். படிக்கப் படிக்க, டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அவர்களிடம் பெயர்கள் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கேதான் அந்த இரண்டாம் வரிசையைப் பற்றியும் படித்தேன். முதல் வரிசை வித்தைக்கு. இரண்டாவது, அந்த ஆட்டத்தின் அழகுக்கு, அதைப் பார்ப்பவர் முன் வைத்த விதத்துக்கு. துணிக்கு என்று ஒரு வரிசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இப்போது அந்த முறையே இல்லையாம். மாற்றி வெகுநாளாகிறதாம்.

எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில் எழுதிக் கேட்டேன். முதல் குதிப்பிலேயே விழுந்து, எழுந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடைசிவரை ஆடித் தோற்ற பெண் யார்? பதில்கள் வந்தன. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். எல்லோரும் விழுந்திருக்கிறார்கள், எல்லோரும் கையைத் துடைத்திருக்கிறார்கள். அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் அவள் இல்லை. அல்லது எதுவோ ஒன்று அவள்தான், வெள்ளைத் தரையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியாக ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார்: அவள் உடுத்தியிருந்தது என்ன நிறம்?

பட்டு ஊர்க்காரியான நான் அதற்குப் பதில் சொல்லமுடியாமல் போனை வைத்துவிட்டேன்.

நேற்று அப்பாண்டை அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாதி சாமான் கட்டியாகிவிட்டது. பழசு எதையும் தூக்கிக்கொண்டு வராதே என்று மகன் சொல்லியிருக்கிறானாம். கயிற்றுக் கட்டில் சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு மூட்டை மேல் அவர், இன்னொன்றின் மேல் நான்.

"பேரு கெடச்சுதா?"

"இல்லண்ணே. தேடினேன். கெடைக்கல."

தலையை ஆட்டினார். எதிர்பார்த்தவர் போலத்தான் இருந்தார். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது.

"அண்ணே, அந்த ரெண்டாவது வரிசை துணிக்கு இல்லையாம்."

"பின்ன?"

"ஆட்டத்தோட அழகுக்காம்."

அவர் மூட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நூலை விரலில் சுற்றினார்.

"அழகுக்கா கொறச்சானுங்க?" என்றார். "அதுக்கா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"டீச்சருக்குத் தெரியுமா இது?"

"இங்கிலீஷ் டீச்சராச்சேண்ணே."

"தெரிஞ்சிகினேவா துணிதான் துணிதான்னு சொல்லிகினு இருந்துச்சி?" சிரிக்க முயன்றார், வரவில்லை. "நல்லவேள. அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த டி.வி.ய ஒடச்சிருப்பேன்."

துணியைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். வாங்கவில்லை. பெங்களூரில் வைக்க இடம் ஏது என்றார். பேச்சை மாற்ற, போனில் அந்த ரசிகர்கள் பக்கத்தில் ஒருவர் அவள் துணியின் நிறம் கேட்டதைச் சொன்னேன்.

"வாடாமல்லின்னு போடு."

"அது அவ கட்டிகினு இருந்தது இல்லியேண்ணே."

"கட்டிகினு இருந்தது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அப்பறம் இன்னா? போடு."

நான் தெரியாததை எழுதுகிறவள் இல்லை. இருந்தும் ராத்திரி உட்கார்ந்து, வாடாமல்லி என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் போட்டேன். காலையில் பார்த்தால் பதில் வந்திருக்கிறது. அப்படி ஒரு நிறத்தைக் கேள்விப்பட்டதில்லை, படம் அனுப்பமுடியுமா என்கிறார்.

துணியை விரித்துப் போட்டு எடுத்துப் பார்த்தேன். சன்னலோரம் எடுத்தால் போனில் ரோஜா நிறமாக வருகிறது. விளக்குக்கு அடியில் எடுத்தால் கத்தரிப்பூ. வாசலுக்குக் கொண்டுபோனால் வெளிறிப்போன ஏதோ ஒன்று, சாயம் போன மாதிரி. எது சரி என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் இப்போது மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். டீச்சர் வீட்டை இடித்து அந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். மூன்று நிறக் கண்ணாடித்தாள் எந்தக் கடையிலும் இல்லை, கேட்டால் கடைப் பையன்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். படம் எதையும் அனுப்பவில்லை. துணியை அதே வேட்டித் துண்டில் சுற்றி, சணலைப் பழைய முடிச்சிலேயே போட்டுக் கட்டி வைத்தேன். தும்மல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.